பதில் வராத வீடு

மௌனத்துக்கு நம் சிறுபத்திரிகைகளில் ஒரு கௌரவம் ஏற்பட்டிருக்கிறது. கவிதையில் சொல்லாமல் விட்டதைக் கனமானது என்று எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம். இதே மௌனம் வாடகை வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தால் வீட்டுக்காரருக்கு அது திருட்டுத்தனமாகத்தான் படுகிறது. இரண்டு வாசிப்புகளிலும் கோளாறு ஒன்றே. சொல்லப்படாத இடத்தில் நாம் விரும்பியதையோ பயந்ததையோ போட்டு நிரப்பிக்கொள்கிறோம். கவிதையில் இதனால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. வீட்டு விஷயத்தில் உண்டு.

வாடகை தராத குடித்தனக்காரரைப் பற்றி அல்ல, பதில் தராத குடித்தனக்காரரைப் பற்றியே இங்கு யோசிக்க விரும்புகிறேன். "அடுத்த மாதம் தந்துவிடுகிறேன்" என்று ஆறு மாதமாகச் சொல்பவரை வீட்டுக்காரர் எப்படியோ சகித்துக்கொள்கிறார். இன்னொருவருக்கு இரண்டே மாத பாக்கி. ஆனால் அவர் தொலைபேசியை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் செய்தியைப் படித்ததற்கு நீலக் குறி விழுகிறது, பதில் இல்லை. இவரைச் சகிக்க முடிவதில்லை. கணக்குப்படி முதலாமவர்தான் மோசம். ஆகவே கோபம் பணத்தைப் பற்றியது மட்டுமல்ல. தான் ஒரு ஆளாகவே பொருட்படுத்தப்படவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

நான் வங்கிக் குமாஸ்தா. திரும்பி வந்த நோட்டீஸ் உறைகளைக் கோப்பில் கட்டி வைப்பது என் வேலைகளில் ஒன்று. உறைமேல் எழுதியிருப்பது நாலைந்து வகைதான்: வாங்க மறுத்தார், கதவு பூட்டியிருந்தது, ஊரில் இல்லை, இடம் மாறிவிட்டார். 1897-ஆம் வருஷத்துப் பொது விதிகள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, சரியான விலாசத்துக்குக் கட்டணம் கட்டிப் பதிவுத் தபாலில் போட்டது சேர்ந்ததாகக் கொள்ளச் சொல்கிறது. மறுத்தார், பூட்டியிருந்தது என்று திரும்பி வந்ததையும் சேர்ந்ததாகவே அனுமானிக்க வேண்டும் என்று 2007-இல் ஒரு காசோலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாடகைக்கும் இதே போக்குதான். ஒப்பந்தமோ வேறு சட்டமோ குறுக்கிடாதபோது, மாத வாடகையை முடித்துக்கொள்ள 15 நாள் நோட்டீஸ் போதும் என்கிறது 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு. அதைத் தபாலில் அனுப்பலாம், நேரில் தரலாம், வீட்டு மனிதர்களிடமோ வேலையாளிடமோ கொடுக்கலாம், எதுவும் சாத்தியப்படாவிட்டால் அந்த வீட்டிலேயே கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம்.

அவர் படித்தார் என்று சட்டம் சொல்வதில்லை. சேர்ந்ததாகக் 'கொள்ளப்படும்' என்கிறது. இதை வெறும் பாவனை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். எனக்கு இதில் ஒரு விவேகம் தெரிகிறது. எதிராளி வாயே திறக்காமலிருந்தாலும் வீட்டுக்காரர் தன் வாடகைக்கும் தன் வீட்டுக்கும் போய்ச் சேர ஒரு வழி திறந்திருக்கிறது. அப்படியானால் அவருக்கு உள்ள உரிமை வாடகைக்கு, வீட்டுக்கு. பதிலுக்கு அல்ல. இந்த வித்தியாசம் மறக்கப்படும் இடத்தில்தான் அநியாயம் தொடங்குகிறது.

எங்கள் தெருவில் ஒரு அம்மாள். மாடிப் போர்ஷன் வாடகைதான் அவருக்கு மாதச் சாப்பாடு. மூன்று மாதமாக மேலேயிருந்து பணமும் வரவில்லை, பேச்சும் இல்லை. உறவினர்கள் யோசனை சொன்னார்கள்: மோட்டாரை நிறுத்து, ஆள் வெளியே போனதும் பூட்டைப் போடு, பதிலாவது வரும். கவனிக்க வேண்டும் — வாடகை வரும் என்று அவர்கள் சொல்லவில்லை. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாதென்கிறது 2019-இல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். முறையான நடவடிக்கை இல்லாமல் வெளியேற்றப்பட்டவர், வெளியேற்றியது சொந்தக்காரரே ஆனாலும், 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பப் பெறலாம் என்கிறது 1963-ஆம் வருஷத்துத் தனிப் பரிகாரச் சட்டம். ஆனால் சட்டம் தடுக்கிறது என்பதால் மட்டும் இது தவறில்லை. பதிலைப் பிடுங்குவதற்காக ஒரு மனிதனின் தண்ணீரை நிறுத்துவது விசாரணைக் கூடத்தின் தர்க்கம்.

அந்த அம்மாளின் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நடைமுறையின் தாமதம், வாடகையைத் தவிர வேறு வருமானம் இல்லாதவர் தலையில்தான் விழுகிறது. ஆகவே முதல் மாதமே எழுதியிருக்க வேண்டும். தேதியிட்டு, நகல் வைத்துக்கொண்டு. பிறகு நோட்டீஸ், அதற்குப் பிறகு வாடகை நீதிமன்றம். மூன்று மாதம் பொறுத்துவிட்டு நாலாம் மாதம் பூட்டுப் போடுவதை நான் பொறுமை என்று சொல்ல மாட்டேன்.

எழுதுவதற்கும் முன்னால், சட்டம் கேட்காத ஒரு காரியம் இருக்கிறது. கதவைத் தட்டி, பக்கத்துப் போர்ஷனில் கேட்டு, உள்ளே இருப்பவர் நலமாக இருக்கிறாரா என்று தெரிந்துகொள்வது. பேசாதவர் ஏமாற்றுக்காரராக இருக்கலாம், ஆஸ்பத்திரியில் கிடக்கலாம், வேலை போனதைச் சொல்ல நா எழாதவராகவும் இருக்கலாம். மௌனம் இதில் எதையும் அறிவிப்பதில்லை. தவிர அது குடித்தனக்காரரின் ஏகபோகமும் அல்ல. வாடகையை வாங்காமல் நழுவி, பிறகு பாக்கி என்று வழக்குப் போடும் வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். வாங்க மறுக்கும் வாடகையை மணியார்டரில் அனுப்பவும், அதுவும் திரும்பினால் அதிகாரியிடம் கட்டவும் 1960-ஆம் வருஷத்துப் பழைய சட்டம் குடித்தனக்காரருக்கு வழி வைத்திருந்தது.

அந்த அம்மாளுக்கு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் முழு பாக்கியும் அவர் கணக்கில் ஏறியது. ஒரு வரி விளக்கம் இல்லை. "பணம் வந்துடுச்சு தம்பி. ஆனா ஏன் பேசலைன்னு தெரியலையே" என்றார். பாக்கி தீர்ந்த முகமாக அது இல்லை. அவருக்குச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. அந்தப் பாக்கியை வசூலிக்க எந்த நோட்டீஸுக்கும் அதிகாரம் கிடையாது. கிடையாதென்பது நல்லதென்றே நினைக்கிறேன்.