சிற்றுயிரின் சாட்சியம்

கடற்கரையிலிருந்து வெகுதூரத்தில் பாலாற்றங்கரையில் அமைந்த ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் தொழிலுக்கும், கடலடிப் பாறைகளில் பாசியை மேய்ந்து வாழும் கடல் முள்ளெலி என்னும் உருண்டைப் பிராணிக்கும் யாதொரு சம்பந்தமும் இராது என்றே எவரும் எண்ணுவர். ஆயினும் தோல் பதனிடும் கழிவுநீரின் நச்சுத்தன்மையை அப்பிராணியின் கருக்களைக் கொண்டே மெரிச், பகானோ முதலிய விஞ்ஞானிகள் சோதித்து, 2005-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர்.

இவ்வுயிருக்குப் பொட்டாசியம் குளோரைடு கரைசலை ஊசியால் ஏற்றினால், அது முட்டைகளையோ விந்தணுக்களையோ நீரில் விடுகிறது. அவற்றைக் கலந்தால் உண்டாகும் கரு இரண்டாய், நான்காய், எட்டாய்ப் பிளந்து, இரண்டு மூன்று நாட்களில் கைகள் நீண்ட இளம்புழுவாகிறது. நீரில் நஞ்சிருந்தாலோ வளர்ச்சி நின்றுபோகிறது, அல்லது உருவம் கோணுகிறது.

நம் தவற்றை அறிவதற்கு ஒரு பாவமும் அறியாத உயிரை வதைப்பது தர்மமாகுமா? உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்த தொல்காப்பியர், நத்தையையும் சிப்பியினத்தையும் ஈரறிவினவாகக் கொண்டார்; அவ்வரிசையில் கீழ்ப்படியில் நிற்கும் உயிர்தானே என்று சமாதானம் கூறுவோர் உண்டு. அவர் எண்ணியது அறிவின் தொகையையேயன்றி, வதைக்கும் உரிமையின் அளவை அன்று. அத்தோல் தொழில் ஊர்களைக் கொண்ட வேலூர்ச் சீமையின் வள்ளிமலையில் தங்கித் தவம்புரிந்த சமண முனிவர்கள் ஓரறிவுயிருக்கும் ஊறு நேராமல் ஒழுக முயன்றவர்கள். அவர்கள் நோக்கில் இச்சோதனை ஹிம்சையே. அதை மறுக்க இயலாது. அதனால் விளையும் பெருநன்மை ஒன்றே அதைப் பொறுக்கச் செய்யும்.

சுத்தம் என்பதைப் பற்றியும் இச்சிற்றுயிர் ஒரு பாடம் புகட்டுகிறது. சில விலக்குகளோடு, செத்த பிராணியின் தோலும் பதனிடப்பட்டால் தூய்மையடையும் என்பது ஹனபி, ஷாபி ஆகிய இரு மத்ஹபுகளின், அதாவது இஸ்லாமியச் சட்டநெறிகளின், கொள்கை. அவ்வாறு தோல் தூய்மை பெறும்பொழுது நீர் தன் தூய்மையை இழக்குமாயின், அழுக்கு அழிந்ததாகாது, இடம் மாறியதேயாகும். தோல் பதனிடக் குரோமியத்தை விட்டு மரப்பட்டைக்குத் திரும்பினால் தோஷம் நீங்கிவிடும் என்று நம்புவோரும், 2007-இல் வெளிவந்த சோதனை முடிவை நோக்க வேண்டும்: மைமோசாப் பட்டையின் துவர்ப்புச் சத்தும், அதற்கு ஈடான செயற்கைப் பொருளும், லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவிலிருந்தே கருக்களைக் கெடுத்தன. இயற்கை என்ற பெயரே குற்றமின்மைக்குப் பிரமாணமாகிவிடாது.

ஆனால் நமக்குக் குறை அறிவில்தானா? தோல் தொழிற்சாலைகள் சூழ்ந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ ஓரளவோ பாழ்பட்டதென்ற வேளாண் பல்கலைக்கழக வேலூர் மையத்தின் கணக்கை எடுத்துக்காட்டி, உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று, முன்னெச்சரிக்கையே நெறி என்றும், மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அப்பகுதியின் பாலாற்றைக் குறித்து, பாதிக்கப்பட்டோருக்கு ஈடு வழங்கவும் நதியை மீட்கவும் 2025 ஜனவரி 30 அன்று அம்மன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்ததே, முதல் தீர்ப்பை நாம் எவ்வாறு போற்றினோம் என்பதைக் காட்டும்.

ஓர் உயிரை வருத்திப் பெற்ற அறிவு, அவ்வுயிருக்கு நாம் பட்ட கடன். ஆய்வேட்டில் பதிவதால் அக்கடன் தீராது; கழிவுநீரைத் தூய்மை செய்வதாலேயே தீரும். அதைச் செய்ய மனமில்லாத சமுதாயத்துக்கு, இன்னுமொரு கருவைச் சோதனைக் குவளையில் இடும் உரிமையும் இல்லை.