ஒரு சந்தா, பல கணினிகள்

மென்பொருள் ஒன்றிற்குச் சந்தா செலுத்தியவர், அதனைத் தம் மேசைக் கணினி, மடிக்கணினி இரண்டிலும் நிறுவிக்கொள்வது முறையாகுமோ என்னும் ஐயம் அன்பர் பலருக்கு உண்டு. விற்றவர் எதனை எண்ணிக் கொடுத்தார் என்று நோக்குதல் வேண்டும். (ஒப்பந்தத்தைப் படியாமலே ‘சம்மதம்’ அழுத்துவோர் நம்மில் மிகுதி!) மைக்ரோசாஃப்ட் 365 பர்சனல் சந்தா ஆளை எண்ணுகிறது; அவ்வொருவர் ஒரே சமயத்தில் 5 கருவிகள் வரை பயன்படுத்தலாம். ஆகவே தமது இரண்டாம் கணினிக்காக மனங்கூசுவோர் வீணே வருந்துகின்றனர். அடோபியின் தனிநபர் உரிமமோ 2 கணினிகளில் இயங்க இடந்தரினும், ஒரு வேளையில் ஒன்றிலேதான் பணி செய்ய விடும்.

இடர் எழுவது வேறிடத்தில். நம் இல்லத்தில் தங்கிப் பயிலும் தமக்கை மகன் கேட்கிறான்: “மாமா, ஐந்தில் மூன்று சும்மாத்தானே இருக்கின்றன? உங்கள் கடவுச்சொல்லைக் கொடுங்களேன்.” இரவல் தந்த குடை நம் கையை விட்டு நீங்கும்; மழை வந்தால் நாம் நனைவோம். இதுவோ கொடுத்த பின்னும் நம்மிடமே உள்ளது. குறைவேதும் காணாமையால் நெஞ்சம் இதனைத் தானமென்றே கொள்கிறது. ஆயின் நாம் பெற்றது நம் ஒருவருக்கான அனுமதியே. பிறர்க்கு ஈய அதில் நமக்கு உரிமை ஏது? இல்லத்தார் 6 பேர் வரை பகிர்தற்குரிய குடும்பச் சந்தா தனியே உள்ளது. விலை கூடுதல்தான். பிள்ளைக்கு இல்லையென நா எழாத மாமா, அக்கூடுதலைத் தாமே செலுத்தி அவனையும் அதிற் சேர்த்துக்கொள்ளலாம்.