சார்ந்ததன் வண்ணம்

திருக்குற்றாலத்துத் தலபுராணம் தெய்வமே சமயம் மாறிய ஓர் அதிசயத்தைச் சொல்லுகிறது. ஆதியில் திருமால் கோயிலாக, அதற்கேற்பச் சங்கின் வடிவில் அமைந்திருந்த அந்த ஆலயத்துக்குள் சைவராகிய அகத்திய முனிவரை அங்கிருந்தோர் புகவிடவில்லை என்றும், அவர் வைணவ வேடம் பூண்டு உள்ளே சென்று, திருமாலின் சிரசில் கை வைத்து அழுத்திக் குறுகச் செய்து சிவலிங்கமாக்கினார் என்றும், அந்த அழுத்தத்தால் உண்டான தலைவலி தீரவே இன்றளவும் குற்றாலநாதருக்கு மூலிகைத் தைலம் அபிஷேகம் செய்யப்படுகிறது என்றும் ஊரார் பக்தி சிரத்தையோடு கூறுவர். சைவ வைணவப் பூசலின் எச்சமென்று சரித்திரக்காரர் இக்கதையை ஒதுக்கிவிடலாம். எனக்கோ அதற்குள் வேறொரு வினா இருப்பதாகவே தோன்றுகிறது. வடிவம் மாறிய பின்பும் உள்ளே இருப்பது அதுவேதானா? அதுவே என்றால், வலி எங்கிருந்து வந்தது?

அந்த வினா ஒரு சாரல் காலத்தில், நான் சற்றும் எதிர்பாராத வழியில் மறுபடியும் என்னிடம் வந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1983-ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு பெற்றோருடன் லண்டன் போய்ச் சேர்ந்து, அங்கேயே வளர்ந்த நண்பர் ஒருவர் குற்றாலத்துக்கு வந்திருந்தார். ஐந்தருவியில் நீராடிவிட்டு விடுதியில் அமர்ந்திருந்த மாலைப்பொழுதில் அவர் தம் கைபேசியில் ‘மேனிக் மைனர்’ என்னும் பழைய விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார். 1983-இல் மாத்யூ ஸ்மித் என்ற பதின்வயது இளைஞர் ஸ்பெக்ட்ரம் என்னும் சிறு கணினிக்காக எழுதியது அது. சுரங்கத் தொழிலாளி ஒருவன், இருக்கிற காற்று தீர்வதற்குள், மின்னும் பொருள்களைச் சேகரித்துக்கொண்டு 20 குகைகளைக் கடக்க வேண்டும். அதே குகைகள், அதே வண்ணங்கள், அதே கீச்சொலி. ஒரு புள்ளியும் பிசகவில்லை. சில குகைகளைக் கடந்தபின் நண்பர் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, “எல்லாம் சரியாத்தான் கிடக்கு, அண்ணை. ஆனால் இது அது இல்லை” என்றார்.

அவர் ‘அது’ என்று சொன்னது எதை? 1982 ஏப்ரலில் இங்கிலாந்தில் கிளைவ் சின்கிளேர் வெளியிட்ட ஸ்பெக்ட்ரம், ரப்பர் விசைகளும் 48 கிலோபைட் நினைவகமும் உடையதாய் 175 பவுண்டுக்கு விற்ற ஒரு சிறு கறுப்புப் பெட்டி. வீட்டுத் தொலைக்காட்சியோடும் கேசட் ரிக்கார்டரோடும் அதை இணைத்து ஒலிநாடாவை ஓடவிட்டால், திரையின் ஓரங்களில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் பாய, ஏறத்தாழ ஐந்து நிமிஷம் கிறீச்சிட்டு, விளையாட்டு பெட்டிக்குள் இறங்கும். நாடா சற்றே நலுங்கினாலும் நான்காம் நிமிஷத்தில் எல்லாம் பாழாகி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் 595 டாலருக்கு வெளிவந்த கமடோர் 64, பெயருக்கேற்ப 64 கிலோபைட் நினைவகமும், மூன்று குரலில் இசைக்க வல்ல ‘சிட்’ என்னும் ஒலிச் சில்லும், எட்டு உருவங்களைத் தானே திரையில் நகர்த்தும் சித்திரச் சில்லும் பெற்றிருந்தது. இவ்விரண்டு பெட்டிகளின் பொருட்டுப் பள்ளிச் சிறுவர்களுக்குள் மூண்ட பகைமை, நண்பர் வருணிக்கக் கேட்டால், நம் மடங்களுக்குள் நடந்த கண்டனப் பிரசண்ட மாருதங்களுக்குச் சற்றும் இளைத்ததன்று. கமடோரின் இசையைக் கேட்டு ஸ்பெக்ட்ரம்காரன் உள்ளுக்குள் உருகினாலும் வெளியே ஒப்புக்கொள்ள மாட்டான்; ஸ்பெக்ட்ரத்தின் வேகத்தைக் கமடோர்காரன் மெச்ச மாட்டான். ஆயினும் இக்கட்சிகளுள் ஒருவன் எவ்வாறு சேர்ந்தான்? தகப்பனாரின் கையிருப்பு எதற்குப் போதுமாயிருந்ததோ, அதுவே பிள்ளையின் கட்சியாயிற்று. பெரும்பாலான மனிதர் சமயத்தை அடைகிற வழியும் இதுவே. தாம் தேர்ந்துகொள்ளாத ஒன்றன்மீது ஒருவர் கொள்ளும் இந்த நிஷ்டையைப் பேதைமை என்று என்னால் தள்ள முடியவில்லை. கிடைத்ததைக் கிடைத்த காரணத்தாலேயே நேசிக்கும் சக்தி அற்பமானதன்று.

இத்தனை பேதம் பேசியவர்களின் ஆலயங்களுள் பலவற்றில் மூலமூர்த்தி ஒன்றே என்பதும் கருதத்தக்கது. 6502 என்னும் சில்லும் அதன் வழிவந்தவையுமே கமடோரிலும், பிபிசி மைக்ரோ என்னும் கணினியிலும், ஜப்பானில் 1983-இல் நின்டெண்டோ வெளியிட்ட ஃபாமிகாம் என்னும் விளையாட்டுப் பெட்டியிலும் மூளையாக இருந்தன. இவற்றுள் பிபிசி மைக்ரோ நம் நாட்டுக்கு அரசாங்க மரியாதையோடு வந்தது. 1984-இல் தொடங்கிய ‘கிளாஸ்’ என்னும் கணினிக் கல்வித் திட்டத்தின் வாயிலாக முதலில் ஏறத்தாழ 250 பள்ளிகளில் அது பிரதிஷ்டையாயிற்று. ஸ்பெக்ட்ரத்தையும் டெசிபெல்ஸ் என்னும் நிறுவனம் ‘டிபி ஸ்பெக்ட்ரம்’ என்ற பெயரில் இங்கே விற்றதுண்டு. ஆனால் தென்காசி, செங்கோட்டைப் பக்கத்துச் சாதாரண வீடுகளுக்கு இவை எட்டாத பொருள்கள். அவ்வீடுகளை 1990-களில் வந்தடைந்தது ஃபாமிகாமைப் பார்த்துச் செய்யப்பட்ட ‘வீடியோ கேம்’ பெட்டிதான். பல பெயர்களோடு கடைகளில் விற்ற அந்தப் பெட்டியில் கேசட்டைச் செருகி, தூசு தட்டி, மறுபடி செருகி, மேரியோவையும் காண்ட்ராவையும் ஆடிய தலைமுறை இன்று நடுவயதை எட்டியிருக்கிறது. காண்ட்ராவில் மூன்று ‘லைஃப்’ போதாதென்று, மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம் என்று விசைகளை முறைப்படி அழுத்தி முப்பதாகப் பெருக்கிக்கொள்ளும் உபாயம் எந்தப் புத்தகத்தின் உதவியும் இல்லாமல் தெருவுக்குத் தெரு, செவிவழியாகவே பரவிற்று. கிரேடியஸ் என்னும் விளையாட்டைச் சோதித்தபோது, அது தமக்கே கடினமாயிருந்ததால் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானியப் பொறியாளர் அமைத்துக்கொண்ட வரிசை அது. உபதேசம் பெற்றவர் குருவின் பெயரறியாமலே ஜபித்த மந்திரம் உலகில் இதுபோல் வேறொன்று இருக்குமோ என்னவோ!

நண்பரின் வாக்கியத்துக்கு வருகிறேன். ஒரு பொறி வேறொரு பொறியாகப் பாவனை செய்யும் எமுலேட்டர் என்னும் மென்பொருளால் அன்றைய ஸ்பெக்ட்ரம், கமடோர், பிபிசி யாவும் இன்று ஒரே கைபேசிக்குள் பகையின்றி வாழ்கின்றன. மூலன் என்னும் இடையனின் உடலுள் புகுந்த திருமூலரைப்போல, விளையாட்டு தன் பழைய கூட்டை விட்டுப் புதிய கூட்டினுள் புகுந்துகொண்டது. வேதாந்தி இதைக் கேட்டால் தயங்காமல் தீர்ப்புச் சொல்லிவிடுவார். விளையாட்டு என்பது எண்களின் ஓர் ஒழுங்கு. பெட்டியும் நாடாவும் உபாதிகள். உபாதி நீங்கியதால் வஸ்துவுக்கு யாதொரு குறைவுமில்லை. ஆதலால் உமது ஏக்கம் பிரமை என்பார். இத்தீர்ப்பு தர்க்கத்துக்கு இசைந்ததே. எனினும் நண்பருடைய அனுபவத்தை அது விளக்கவில்லை. அதை இல்லையென்று மறுத்து மட்டும் நகர்கிறது. குற்றாலநாதரின் தலைவலிக்கும் அதனிடம் மருந்தில்லை.

சைவ சித்தாந்தியின் நோக்கு இவ்விடத்தில் எனக்கு உகந்ததாயிருக்கிறது. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும், ஆன்மா பக்குவம் பெறும்பொருட்டு இறைவன் மாயையிலிருந்து அமைத்துத் தருகிறான் என்பது அவர் கொள்கை. உடல் தற்செயலாய் ஒட்டிய அழுக்கென்று அவர் கருதுவதில்லை. அளவுக்குட்பட்ட கருவியாய் அளிக்கப்பட்ட உதவி அது. மேலும், மெய்கண்டாரின் வழிவந்தோர், ஆன்மாவின் இயல்பைச் சார்ந்ததன் வண்ணமாதல் என்பர். பளிங்கு தன்னருகே வைத்த பொருளின் நிறத்தைக் காட்டுவதுபோல, உயிரும் தான் எதைச் சார்கிறதோ அதன் இயல்பாய் நிற்கும்.

ஸ்பெக்ட்ரத்தின் திரையில் இந்தச் சூத்திரத்தைக் கண்ணாலேயே காணலாம். நினைவகத்தைச் சிக்கனப்படுத்த வேண்டி, அதன் திரை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாய்ப் பிரிக்கப்பட்டு, ஒரு கட்டத்துக்கு இரண்டே வண்ணங்கள் என்று விதிக்கப்பட்டிருந்தது. ஆகவே வெள்ளை நிறத்து வீரனொருவன் பச்சை மரத்தின் முன்னால் நடந்தால், ஒன்று அவன் பச்சையாவான், அல்லது மரம் வெளுக்கும். கமடோர் கட்சியார் ஓயாமல் பரிகசித்த குறை இதுதான். ஆயினும் இக்குறையோடு மல்லாடிய ஆசிரியர்கள் அதிலிருந்தே ஒரு கலையைச் சமைத்தார்கள். 1984-இல் வந்த ‘நைட் லோர்’ என்னும் விளையாட்டு ஓர் அறைக்கு ஒரே வண்ணம் என்று துறவு பூண்டு, அந்தத் துறவினால், கன பரிமாணமுள்ள மாளிகையொன்றை ஆடுவோர் கண்முன் எழுப்பிற்று. குறையில்லாத பொறியில் அந்த மாளிகை அந்த வடிவில் தோன்றியிராது என்றே நினைக்கிறேன். குற்றாலத்தில் வாழ்ந்து 1954-இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி., கவியின் உணர்ச்சியை அதன் உருவத்திலிருந்து பிரிக்கலாகாதென்று வற்புறுத்தியவர். இக்காலத்தில் இருந்திருந்தால் அவர் நண்பரின் பக்கமே பேசியிருப்பார்.

பிபிசி மைக்ரோவுக்காக 1984-இல் டேவிட் பிரேபன், இயன் பெல் என்னும் இரு மாணவர்கள் எழுதிய ‘எலீட்’ என்னும் விளையாட்டு இதனினும் ஆழ்ந்த சிந்தனைக்கு இடந்தருகிறது. 32 கிலோபைட் பெட்டிக்குள் 8 அண்டங்களும், அண்டத்துக்கு 256 உலகங்களும், அவற்றின் பெயரும் வாணிபமும் அரசியலும் அடங்கியிருந்தன; அவை எங்கும் எழுதி வைக்கப்படவில்லை, ஆறே பைட்டுள்ள ஒரு வித்திலிருந்து கணந்தோறும் முளைத்தன. அந்த முறையில் 281 லட்சம் கோடிக்கு மேற்பட்ட அண்டங்களைப் படைத்திருக்கலாம். படைப்பின் பின்னாலுள்ள கணக்கு அத்தனை பெருக்கத்தில் வெளிப்பட்டு, ஆடுவோரின் ஈடுபாட்டைக் குலைத்துவிடுமென்று பதிப்பாளராகிய ஏகார்ன்சாஃப்ட் எட்டோடு நிறுத்தச் செய்தது. படைத்தல், காத்தல், அழித்தலோடு மறைத்தலையும் ஐந்தொழிலுள் ஒன்றாய் எண்ணி, அதையும் அருளின் வகையென்றே கொண்ட நம் முன்னோருக்கு இச்செயல் வியப்பளித்திராது.

அப்படியானால் எமுலேட்டர் பொய்யா? அவ்வாறும் நான் சொல்லத் துணியேன். சொன்னால் தென்காசியில் நிற்க எனக்கு இடமிராது. அவ்வூரே ஒரு பிரதி. காசிக்குப் போகும் தென்னாட்டு அடியார் வழியிலேயே மடிவதைக் கண்டு இரங்கிய இறைவன், பராக்கிரம பாண்டியனின் கனவில் தோன்றி, எறும்புச் சாரை சென்று முடியும் இடத்தில் தனக்கு ஆலயம் எடுக்கப் பணித்தான் என்று தலவரலாறு சொல்லும். 1446-இல் தொடங்கிய அத்திருப்பணி, நெடுந்தூரம் நடக்க இயலாதவர்மீது கொண்ட கருணையால் எழுந்தது. கங்கைக்குப் பதிலாகச் சிற்றாறு அங்கே போதுமானதாயிற்று. ஆனால் தென்காசி தன்னைக் காசியென்று சொல்லிக்கொண்டதில்லை. குற்றாலத்துச் சித்திரசபையும் அவ்வாறே. ஆலங்காட்டில் இரத்தின சபை, தில்லையில் பொன்னம்பலம், மதுரையில் வெள்ளியம்பலம், நெல்லையில் தாமிர சபை என ஐந்து மன்றங்களில் ஆடும் கூத்தன், இங்கே உலோகத் திருமேனி கொள்ளாமல் சுவரில் வரைந்த ஓவியமாய் நின்று ஆடுகிறான். ஓவியம் விக்கிரகமாக நடிக்கவில்லை. அதற்கென்று ஒரு தாண்டவம் உண்டு, அதற்கென்று பூஜையும் உண்டு. ஆடுகிறவன் ஒருவன், ஆட்டங்கள் ஐந்து. நண்பரின் கைபேசியில் ஓடியதும் மெய்யான ‘மேனிக் மைனர்’தான். ஐந்து நிமிஷக் காத்திருப்பும், நாடா அறுந்துபோகுமோ என்ற அச்சமும், செய்தி முடிந்தாலன்றித் தொலைக்காட்சியை விட்டுத்தராத தகப்பனாரும் சேர்ந்து ஆடிய அந்தத் தாண்டவம் இதுவன்று; அதனால் அவர் சொன்னதும் மெய்யே. கூடு மாறுகையில் நேர்ந்த வலியை அவர் மறைக்காமல் சொன்னார். மூலிகைத் தைலம் காய்ச்சுகிறவர்களும் அந்த வலியை மறந்தவர்களல்லர்.

தென்காசிக் கோயிலில் பராக்கிரம பாண்டியன் பொறித்து வைத்த சாசனமொன்றை நான் மிகவும் மதிக்கிறேன். தன் புகழைப் பாடிக்கொள்வதை விட்டு, பிற்காலத்தில் இக்கோயிலுக்கு ஏதேனும் குறை நேர்ந்தால் அதை நீக்கிக் காப்பவர் யாராயிருந்தாலும் அவரைத் தான் பணிவதாக அம்மன்னன் அதில் சொல்லியிருக்கிறான். அவன் அஞ்சியபடியே குறை நேர்ந்தது. ராஜகோபுரம் சிதைந்து, இரண்டாய்ப் பிளந்து, நெடுங்காலம் மொட்டையாய் நின்றது. இன்று நாம் காணும், ஏறத்தாழ 180 அடி உயரமுள்ள ஒன்பது நிலைக் கோபுரம் 1990-இல் குடமுழுக்குக் கண்டது. பழைய கோபுரத்தின் அஸ்திவாரம் கீழே, புதிய செங்கல் மேலே.

கணினிகளுக்கு அந்த அஸ்திவாரமும் தங்காது போலிருக்கிறது. ஸ்பெக்ட்ரத்தின் ரப்பர் விசைகளுக்கு அடியிலுள்ள மெல்லிய தகடு காய்ந்து ஒடிகிறது, மின்தேக்கிகள் கசிகின்றன, நாடாவில் காந்தப் பதிவு மங்குகிறது. பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோக்களில் எங்கேனும் ஒன்று அலமாரியில் மிஞ்சியிருக்குமானால், அதைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் எடைக்குப் போட்டுவிட வேண்டாமென்று ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஸோஹோ அலுவலகத்தில் நம் பிள்ளைகள் உலகெங்கும் ஓடும் மென்பொருள்களை எழுதுகிறார்கள். பற்றவைப்புக் கோலைப் பிடிக்கத் தெரிந்த கைகளுக்கும் இவ்வட்டாரத்தில் பஞ்சமில்லை. ஊர் நூலகத்தில் ஓர் அறை போதும். ஓடுகிற நிலையில் ஒரு பழைய பெட்டியை, அதன் கேசட் ரிக்கார்டரோடும் குழாய்த் தொலைக்காட்சியோடும் அங்கே வைத்து, பக்கத்து மேசையில் எமுலேட்டர் உள்ள கணினியையும் வைத்தால், பள்ளி விட்டு வரும் சிறுமியொருத்தி இரண்டிலும் ஒரே விளையாட்டை ஆடிப் பார்த்து, எது எங்கே வேறுபடுகிறதென்று தானே சொல்லுவாள்.