தோற்ற காளிக்கு முதல் கும்பிடு

“இன்னும் எங்கயும் கிடைக்கலையா? பாசிட்டிவா இருப்பா.” திருவாலங்காடு ஸ்டேஷனில் சென்ட்ரல் லோக்கலுக்குக் காத்திருக்கும்போது இதைச் சொல்ல யாராவது வந்துவிடுவார்கள். நல்ல மனசுதான். ஆனால் அதற்குள் ஒரு பழி ஒளிந்திருக்கிறது: வேலை கிடைக்காததற்கு உன் மனசுதான் காரணம்.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றது. வரித் தகராறில் சிக்கியதால் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறவில்லை. பிறகு ஆர்டரும் போயிற்று. வேலை இழந்த ஆயிரக்கணக்கானவர்களில் யாருடைய மனநிலை அதற்குக் காரணம்?

1930களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் மரியென்தாலில் ஆலை மூடியபின் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள். கைநிறைய நேரம் இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. ஆண்களின் நடைகூட மெதுவாகியிருந்தது. அங்கே சோர்வு வேலையின்மையின் விளைவு, காரணமல்ல.

அப்போ சும்மா உட்காரலாமா? கூடாது. குலைவது நாளின் வடிவம் என்றால், காக்க வேண்டியதும் அதுதான். காலையில் இரண்டு விண்ணப்பம், தெரிந்தவருக்கு ஒரு போன், மாலையில் பத்துப் பக்கம். வேலைக்கு இது உத்தரவாதமில்லை. நாம் கரைந்துபோகாமல் இருக்க.

எங்க ஊர்க் கதையில், ஆடல் போட்டியில் ஈசன் காலைத் தலைக்குமேல் தூக்க, காளி நாணி நின்றாள், தோற்றாள். ஆடத் தெரியாமலா? அந்த ஓர் அசைவு மட்டும் அவளால் ஆகாதது. இன்றும் அவளைக் கும்பிட்ட பிறகே ஈசனிடம் போவது இங்கே வழக்கம். தோற்றவளைத் தகுதியில்லாதவள் என்று ஊர் சொல்லவில்லை. நாமும் நம்மைச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

ரயில் வருது. ஏறுவோம்.