பேருக்கு முன்னால் ஒரு வார்த்தை

'தேங்காய்' சீனிவாசன் தேங்காய் விற்றவர் இல்லை. 'கல் மனம்' நாடகத்தில் தேங்காய் வியாபாரியாக நடித்தார். அதைப் பார்த்த கே.ஏ. தங்கவேலு இனி இவருக்கு இதுதான் பெயர் என்று சொல்லிவிட்டார், அதுவே நின்றுவிட்டது. சுந்தரராஜனை மேஜராக்கியது கே. பாலசந்தரின் நாடகம். நிஜமாகவே பத்து வருடம் விமானப் படையில் இருந்த கணேசனுக்கோ படை ஒட்டவில்லை, டெல்லி ஒட்டியது. 1965-இல் வந்த 'வெண்ணிற ஆடை' மூர்த்தியையும் நிர்மலாவையும் விடவே இல்லை. அதே படத்தில் தமிழுக்கு அறிமுகமான ஜெயலலிதாவை மட்டும் விட்டுவிட்டது. இதற்கெல்லாம் கணக்கு வழக்கு கிடையாது. ஊர் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது, இவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

இப்போது அந்தப் பொறுமை யாருக்கும் இல்லை. நடிப்புப் பயிற்சி வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே 'உன் பிராண்டை உருவாக்கு' என்கிறார்கள். அதில் பாதி சரி.

விளம்பரப் படங்களுக்கும் வெப் சீரிஸ்களுக்கும் நடக்கும் ஆடிஷன்களில் கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எதிர் வசனம் படிப்பது என் பிழைப்பில் ஒரு பகுதி. சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ ஏதாவது ஒரு ஃபிளாட்டின் ஹால். சுவரில் சாம்பல் நிறத் துணி, இரண்டு லைட். சத்தம் விழும் என்று ஃபேனை நிறுத்திவிடுவோம். வருகிறவர் வியர்த்துக்கொண்டே 'இன்ட்ரோ' கொடுக்க வேண்டும். பெயர், வயது, உயரம், சொந்த ஊர், தெரிந்த மொழிகள், பிறகு இடப்பக்கம், வலப்பக்கம். அரை நிமிடம் ஆகுமா? அதற்குள் கோ-டைரக்டரின் முகத்தில் முடிவு தெரிந்துவிடும். அநியாயம்தான். ஆனால் விடிந்ததிலிருந்து முகம் முகமாகப் பார்த்துக் களைத்தவருக்கு ஒரே கேள்விதான்: இந்தப் பையனை எங்கே வைப்பது? பதிலை நாமே கையில் கொடுத்துவிட்டால் அவருக்கு நிம்மதி. பிராண்ட் என்பதை அந்த மட்டுக்கும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

வருகிறவர்களில் பலர் கொண்டுவருவது அடுத்தவருடைய பதிலை. போர்ட்ஃபோலியோவைத் திறந்தால் கூலிங் கிளாஸ், புல்லட்டில் சாய்ந்தபடி ஒன்று, கோட் சூட்டில் கை கட்டி ஒன்று. கேட்டிருந்ததோ மெக்கானிக் வேடம். அப்படி வந்த ஒரு தம்பி சொந்த ஊர் சென்னை என்றார். டிவியில் செய்தி வாசிக்கிற மாதிரித் தமிழ். வசனம் சுமார்தான். நன்றி சொல்லி அனுப்பியாயிற்று. வாசலில் செருப்பு மாட்டும்போது அவருக்குப் போன் வந்தது.

"எம்மா, முடிஞ்சிட்டு. கேட்டாவ, சொன்னேன். நீ மாத்திரையப் போட்டியா இல்லியா?"

கோ-டைரக்டர் தலையை நீட்டினார். "தம்பி, எந்த ஊரு நீங்க?"

"சங்கரன்கோவில் பக்கம்ண்ணே."

"அதைச் சொல்றதுக்கு என்ன? உள்ள வாங்க."

இரண்டாவது டேக்கில் அதே வசனம் வேறு ஆளின் வாயிலிருந்து வந்த மாதிரி இருந்தது. அந்த வேடம் அவருக்குக் கிடைக்கவில்லை, வேறொருவருக்குப் போனது. ஆனால் கோ-டைரக்டரின் நோட்டில் அவர் பெயருக்கு எதிரே 'நெல்லைப் பேச்சு, இயல்பு' என்று ஏறியது. அந்த நோட்டில் பெரும்பாலான பெயர்களுக்கு எதிரே ஒன்றுமே இருக்காது.

ஒரு முழு மனிதன் இரண்டு வார்த்தைக்குள் சுருங்குவது வலிக்காதா என்றால், வலிக்கும். ஆனால் சினிமாவுக்கு வெளியே மட்டும் என்ன வாழ்கிறது? அபார்ட்மெண்டில் நாம் 'மூணாவது மாடி டீச்சர்', ஆபீஸில் 'அந்த அக்கவுண்ட்ஸ்காரர்'. யாருக்கும் நம்மை முழுசாகத் தெரிந்துகொள்ள நேரமில்லை. சுருங்கச் சம்மதிக்காதவனைக் கூப்பிடவே மறந்துவிடுவார்கள். சம்மதித்த பிறகு அதற்குள்ளேயே குடியிருப்பதா என்பதுதான் என்னைக் குடைகிற விஷயம்.

2009-இல் 'வெண்ணிலா கபடி குழு'வில், கடைக்காரர் கணக்கில் தகராறு செய்தார் என்பதற்காகக் கோட்டையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து பரோட்டா தின்னத் தயாரானார் சூரி. அன்றிலிருந்து அவர் 'பரோட்டா' சூரி. 2023-இல் வெற்றிமாறனின் 'விடுதலை'யில் கான்ஸ்டபிள் குமரேசனாக வந்து நின்றபோது பரோட்டா யாருக்கும் நினைவில் இல்லை. நடுவில் 14 வருடம். அந்த அடைமொழியோடு மல்லுக்கட்டி அவர் வெளியே வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அத்தனை வருடம் அவரைத் திரையில் வைத்திருந்ததே அதுதான். 2003-இல் ஒட்டிய 'ஜெயம்' போதும், இனி ரவி மோகன் என்றே கூப்பிடுங்கள் என்று 2025 ஜனவரியில் ஒருவர் கேட்டுக்கொண்டார். அதுவும் நியாயம்தான். ஊர் கேட்குமா என்பது ஊர் பாடு.

நம்பியார் இவர்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரர். திரையில் கையைப் பிசைந்துகொண்டு அவர் செய்யாத அக்கிரமம் இல்லை. வெளியே சைவ உணவுக்காரர், வருடா வருடம் சபரிமலைக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்களை அழைத்துப்போன குருசாமி. வீட்டில் அவர் வில்லனாக இருக்க வேண்டியிருக்கவில்லை. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சலுகை இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். இன்ஸ்டாகிராமுக்குக் காலையில் ஒரு ரீல், ராத்திரி ஒரு ரீல். டீக்கடையில் நிற்கும்போதும் அவர்கள் 'மாஸ்' ஆகவே நிற்க வேண்டும். தன்னையே பார்த்துக்கொண்டிருப்பவன் அடுத்தவரை எப்போது பார்ப்பான்? நடிகனின் சரக்கே அங்கேதானே இருக்கிறது. விஜய் சேதுபதி கூத்துப்பட்டறையில் கணக்கராக இருந்தபடி நடிகர்களை வேடிக்கை பார்த்தவர். அப்போது அவருடைய இன்ட்ரோவை எடுத்திருந்தால் எந்த நோட்டிலும் ஒரு வரிகூட ஏறியிருக்காது.

ஆகவே யாராவது வாட்ஸ்அப்பில் போட்டோக்களைக் கொட்டி, "அண்ணே, இதுல எது அனுப்பலாம்?" என்று கேட்டால், கூலிங் கிளாஸ் எல்லாவற்றையும் நீக்கச் சொல்கிறேன். தாடியோடு ஒன்று, மழித்து ஒன்று, வெறும் சுவருக்கு முன்னால். வீட்டில் பேசுகிற பேச்சில் ஒரு நிமிட வீடியோ. அனுப்பிவிட்டுப் போனைப் பையில் போட்டுக்கொண்டு மெக்கானிக் ஷெட்டுப் பக்கம் போய்ச் சும்மா நில்லுங்கள் தம்பி என்றும் சொல்வேன். போட்டோ யோசனைக்கு உடனே நன்றி வரும். ஷெட்டுக்குப் போகிறவர்கள் குறைவு.