தேடி வரும் இரக்கம்



வெயிலில் யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுக்கிறோம். ஆனால் சில வீடுகளில், ஒருவர் அன்று முழுவதும் குடிக்க வேண்டிய தண்ணீரைக் காலையிலேயே பாட்டிலில் அளந்து வைத்துவிடுகிறார்கள். சிறுநீரகம் செயலிழந்தவர் அவர். அவருடைய கையைப் பிடித்துச் செபித்திருக்கிறீர்களா? டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்த இடத்தில், தோலுக்கடியில் ஓடும் இரத்தத்தின் அதிர்வு உங்கள் விரலுக்குத் தெரியும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் அவர் படுத்திருக்க வேண்டும். அன்றைய கூலி போய்விடும். வீட்டு நகையும் அடகுக்கடைக்குப் போய்விடும்.

நற்செய்தியில் வரும், பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்த மனிதரை நினைத்துப் பாருங்கள். குணம் தரும் தண்ணீர் கண்முன்னே இருந்தது. அதில் இறக்கிவிடத்தான் அவருக்கு ஆளில்லை. அவர் இயேசுவைக் கூப்பிடவும் இல்லை; ஆண்டவரே அவரிடம் போனார், அவரே பேச்சைத் தொடங்கினார்.

சென்னையின் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி அவர்களின் வாழ்க்கை இந்த நற்செய்தியைத்தான் எனக்கு நினைவூட்டுகிறது. சிட்னியில் பயிற்சி பெற்றுத் தாயகம் திரும்பினார். மும்பை ஜஸ்லோக் மருத்துவமனையில் அரசியல் தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயணுக்குச் சிகிச்சை அளித்தார். பிறகு சென்னைக்கு வந்தார். 1991-இல் பத்ம பூஷண் விருதும் பெற்றார். அத்தோடு நிறைவடைந்திருக்கலாம். ஆனால் டயாலிசிஸும் மாற்றுச் சிறுநீரகமும் நம் ஏழைகளில் பெரும்பாலோருக்கு எட்டாதவை என்பது அவர் மனத்தை உறுத்தியது.

சிறுநீரகம் கெடுவதற்கு முக்கியக் காரணங்கள் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும். தொடக்கத்தில் இரண்டும் வலிப்பதில்லை. வலிக்காதவரை யாரும் மருத்துவரிடம் போவதில்லை. எனவே மருத்துவமே மக்களைத் தேடிப் போனது. அவரும் அவரோடு இருந்தவர்களும் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை வழியாகச் சென்னைக்கு அருகிலுள்ள கிராமங்களில், பள்ளிப் படிப்பு முடித்த அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி அளித்தார்கள். அவர்கள் வீடு வீடாகச் சென்று சிறுநீரைச் சோதித்தார்கள். இரத்த அழுத்தம் பார்த்தார்கள். நோய் கண்டவர்களுக்கு விலை குறைந்த பழைய மாத்திரைகளையே கொடுத்துக் கட்டுக்குள் வைத்தார்கள்.

அன்பர்களே, "கேட்டால் செய்வேன்" என்று நாமும் சொல்கிறோம். கேட்கக் கூச்சப்படுகிறவரை என்ன செய்வது? தனக்கு என்ன குறை என்றே அறியாதவரை என்ன செய்வது? நம் தெருவில் ஆளில்லாமல் கிடப்பவர் யாரென்று நமக்குத் தெரியுமா?

நோயோடு இங்கே அமர்ந்திருக்கும் என் சகோதரரே, சகோதரியே, இது கடவுள் உங்களுக்குக் கொடுத்த தண்டனை அல்ல. உங்களால் கோவிலுக்கு வர முடியாத நாளிலும் அவர் உங்களிடம் வருகிறார். அந்த நான்கு மணி நேரமும் உங்கள் கட்டிலருகே இருக்கிறார். நீங்கள் வீட்டுக்குப் பாரமல்ல. அவருடைய செல்லப் பிள்ளை.

மற்றவர்கள் இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள். டயாலிசிஸுக்குப் போகும் அயலாரிடம், அவர் கேட்கும் முன்பே, "நாளைக்கு நான் கூட வருகிறேன்" என்று சொல்லுங்கள். நாம் கேட்குமுன்பே நம்மைத் தேடி வந்த ஆண்டவர் உங்களோடு நடப்பார். ஆமென்.