யார் யாருக்காக நிற்பது?

நாற்சந்தியில் யார் யாருக்காக நிற்க வேண்டும்? நெடுஞ்சாலைத் துறையில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை இந்த ஒரே கேள்விக்குத்தான் விதவிதமாகப் படம் வரைந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. ரவுண்டானா, சிக்னல், மேம்பாலம், டைமண்ட், ட்ரம்பெட், க்ளோவர் லீஃப் என்று பெயர்கள் எத்தனையோ. எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது அறம் பற்றிய கேள்வி. கோயிலிலும் பள்ளிவாசலிலும் மாதா கோயிலிலும் பேச வேண்டிய அதை எங்கள் மேசைக்குத் தள்ளிவிட்டார்கள். நாங்கள் அதைக் கணக்காக்கிக்கொண்டோம்.

கணக்கு இதுதான். இரண்டு இருவழிச் சாலைகள் வெட்டிக்கொள்ளும் சாதாரண நாற்சந்தியில் வண்டியும் வண்டியும் மோதிக்கொள்ள வாய்ப்புள்ள புள்ளிகள் 32. அவற்றில் 16 புள்ளிகளில் ஒரு வண்டியின் பாதையை இன்னொன்று குறுக்கே வெட்டுகிறது. ஆளைக் கொல்பவை பெரும்பாலும் அவைதான். மீதி 16 இடங்களில் வண்டிகள் சேரும், அல்லது பிரியும். அங்கே ரவுண்டானா வைத்தால் 32 என்பது 8 ஆகிவிடும். குறுக்கு வெட்டு ஒன்றுகூட மிஞ்சாது. ஆனால் நாங்கள் பின்பற்றிய இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் 1976 வழிகாட்டுதல்படி மணிக்கு 3,000 வண்டிவரைதான் ரவுண்டானா தாங்கும். அதற்கு மேல் போனால் சிக்னல். எல்லாப் பக்கமும் சேர்த்து மணிக்கு 10,000 கார்களுக்குச் சமமான போக்குவரத்தைத் தாண்டும்போது ஒரு சாலையைத் தூக்கி இன்னொன்றின் மேல் போடுவதை யோசிக்கலாம்.

தூக்குவது என்று முடிவான பிறகுதான் வடிவம் பற்றிய பேச்சு. பெரிய சாலையைச் சின்னச் சாலை சந்தித்தால் பெரியதை மேலே விட்டு, கீழே பழைய சந்தியை அப்படியே வைத்துக்கொள்ளலாம், செலவு குறைவு. மூன்று வழிகள் கூடும் இடத்துக்கு ட்ரம்பெட். சமபலமுள்ள இரண்டு நெடுஞ்சாலைகள் சந்தித்தால், நிலம் கிடைத்தால், நான்கு இதழ் விரித்த க்ளோவர் லீஃப். 1929இல் அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் வுட்பிரிட்ஜில் முதலில் கட்டினார்கள். நமக்குப் பழக்கமானது 2008இல் திறந்த சென்னைக் கத்திப்பாரா. இது நிலத்தை விழுங்கும் வடிவம். வேகம் இரண்டு மடங்கானால் வளைவின் ஆரம் நான்கு மடங்காக வேண்டும்: 40 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 60 மீட்டர் போதும்; 80க்கு 230 மீட்டர் வேண்டும். அதனால்தான் கத்திப்பாராவில் இறங்கும்போது நாம் பிரேக்கைத் தொட்டே ஆக வேண்டியிருக்கிறது. ஒரு இதழிலிருந்து ஏறி வருகிறவரும் அடுத்த இதழுக்குள் இறங்கப் போகிறவரும் ஒரே குட்டைப் பட்டையில் ஒருவர் பாதையை ஒருவர் பின்னிக் கடக்க வேண்டும் என்பது இந்த வடிவத்தின் பெரிய குறை. அந்தப் பட்டையில் போக்குவரத்து கூடக் கூட இதழ்களின் பயன் குறைந்துகொண்டே போகும்.

பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நாம் இடப்பக்கமாக ஓட்டுகிறவர்கள். நம் ஊர் ரவுண்டானாவில் நடுவிலிருக்கும் சிலையோ திட்டோ எப்போதும் நமக்கு வலது கையில் இருக்கும். அது முறையான பிரதட்சிணம். க்ளோவர் லீஃபிலோ வலப்பக்கச் சாலைக்குப் போக வேண்டியவர் நேரே கடந்துபோய், இடது பக்கம் இதழுக்குள் இறங்கி முக்கால் வட்டம் சுற்ற வேண்டும். நடு இடப்பக்கம் போய்விடுகிறது, அது அப்பிரதட்சிணம். எந்தப் பொறியாளரும் சாமியை நினைத்து இப்படி வரையவில்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் இந்த வேறுபாட்டை நான் சும்மா விடமாட்டேன். வலம் வரும்போது முன்னே போகிறவரின் வேகத்துக்கு நாம் இறங்கி வருகிறோம், உள்ளே இருப்பவருக்கு வழி விடுகிறோம், எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்கிறோம். இதழுக்குள் சுற்றும்போது யாரையும் பார்க்க வேண்டியதில்லை. யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டாம் என்பதே அந்த வடிவத்தின் நோக்கம்.

அது தவறா? தவறில்லை என்றுதான் சொல்வேன். மதுரைக்கு அருகே கப்பலூரில் வந்து பார்த்தால் புரியும். பெங்களூரிலிருந்து கன்னியாகுமரிக்கு ஓடும் நான்குவழிச் சாலையில் நள்ளிரவில் தூத்துக்குடி உப்போ சிவகாசித் தீப்பெட்டியோ ஏற்றிக்கொண்டு 80இல் வரும் லாரி டிரைவரிடம், பக்கத்துச் சாலையிலிருந்து வருகிறவரின் முகத்தைப் பார் என்று சொல்வது கொலைக்குச் சமம். அந்த வேகத்தில் விட்டுக்கொடுப்பதற்கு நேரமே கிடையாது. அங்கே இரண்டு ஓட்டங்களையும் இரண்டு மட்டத்தில் பிரித்துவிடுவதே கொல்லாமை. வெட்டவெளிச் சமவெளியில் மேம்பாலம் கேட்டு நான் எழுதிய குறிப்புகள் ஒவ்வொன்றையும் இன்றும் நியாயப்படுத்துவேன்.

மதுரை ரிங் ரோட்டில் பாண்டி கோவில் சந்திப்பு வேறு மாதிரி. அங்கே ரிங் ரோடு மேலே போகிறது. சிவகங்கைச் சாலையும் கோவிலுக்கு வரும் சனமும் கீழே. ஒரு வெள்ளிக்கிழமை காலை அங்கே நின்றிருந்தேன். குட்டியானை வண்டியில் ஒரு குடும்பம் வந்து இறங்கியது: அண்டா, விறகு, அரிசி மூட்டை, கழுத்தில் மாலையோடு ஒரு கிடா. கிடாயின் கயிற்றை ஒரு சிறுவன் பிடித்திருந்தான். சந்நிதி முன்னால் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். கிடா சிலிர்க்கவில்லை. மறுபடி தெளித்தார்கள். பெரியவர்கள், பிள்ளைகள், பூசாரி எல்லோரும் வாய் திறக்காமல் நின்றார்கள். ஓர் ஆட்டின் சம்மதத்துக்காகக் குடும்பமே காத்து நிற்க, பாலத்தின் மேல் கன்டெய்னர்கள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. இரண்டும் அந்தந்த இடத்தில் சரி. சந்திப்பை வகுத்தவர்கள் மேலே ஓட்டத்தையும் கீழே காத்திருப்பையும் வைத்திருக்கிறார்கள். எளிய வடிவம்தான், ஆனால் அந்த இடத்தின் குணம் அறிந்த வடிவம்.

கணக்குத் தாளில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. போக்குவரத்துக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மதிப்பு. கிராமப்புறச் சாலைக்கான அட்டவணையில் கார் 1, பைக் 0.5, பஸ்ஸும் லாரியும் 3, பெரிய மாட்டு வண்டி 8. ஒரு தை மாதம் சமயநல்லூர் அருகே கணக்கெடுப்பு நடந்தபோது பழனிக்குப் பாதயாத்திரை போகும் கூட்டம் எங்களைக் கடந்தது. பச்சைச் சேலை கட்டிய ஒரு அம்மா நின்று கேட்டார். "ஏப்பா, போற வர்ற வண்டியெல்லாம் எழுதுறியே, எங்களையும் எழுதுனியா?"

"இல்லம்மா, நடக்குறவங்களுக்கு இந்தத் தாள்ல இடமில்ல."

"மாட்டு வண்டிக்கு?"

"எட்டுன்னு போடுவோம்மா."

"மாட்டுக்கு எட்டு, மனுசனுக்கு ஒண்ணுமில்லையா?" என்றபடி போய்விட்டார்.

அந்த எண் எதை அளக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வண்டி மற்றவர்களை எவ்வளவு தடுக்கிறது என்பதையே அது அளக்கிறது. அதிகம் தடுப்பவருக்கு அதிக மதிப்பு. ஓரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நடப்பவருக்கு மதிப்பே இல்லை. நடப்பவர்களைத் தனித் தாளில் எண்ணுவது உண்டு. நடைபாதைக்கும் கடவைக்கும் அது உதவும். ஆனால் பாலம் வேண்டுமா என்று முடிவெடுக்கும் அந்த 10,000க்குள் அவர்கள் வரமாட்டார்கள். எந்தச் சமயத்தை எடுத்தாலும் பிறருக்கு இடைஞ்சல் செய்யாதவரைத்தான் மேலானவர் என்கிறது. எங்கள் அட்டவணை அவரை இல்லாதவராக்குகிறது.

இதற்கு மதுரையின் சித்திரைத் திருவிழாவிலேயே ஒரு பதில் இருக்கிறது. அழகர் முன்பு தேனூரில்தான் வைகையில் இறங்கினார் என்றும், திருமலை நாயக்கர்தான் 17ஆம் நூற்றாண்டில் அந்த விழாவை மதுரைக்குத் திருப்பி மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்தார் என்றும் சொல்வார்கள். சைவ விழா ஒன்று, வைணவ விழா ஒன்று. இரண்டு பெருங்கூட்டங்களை ஒரே ஊரில், ஒரே பௌர்ணமியை ஒட்டிக் கொண்டுவர வேண்டும், மோதல் வரக்கூடாது. என்ன செய்தார்கள்? அழகர் ஊருக்குள் வருவதில்லை. தங்கை மீனாட்சியின் கல்யாணம் முடிந்துவிட்டது என்று கேட்டு, ஆற்றில் இறங்கி, அப்படியே வண்டியூருக்குத் திரும்பிவிடுகிறார். மாசி வீதிகளில் மீனாட்சியின் தேர், வைகையில் அழகரின் குதிரை. ஒன்றையொன்று வெட்டாமல் இரண்டும் ஒரே விழா. பிரித்தும் இருக்கிறது, சேர்த்தும் இருக்கிறது. இதைவிட நல்ல இன்டர்சேஞ்ச் வடிவத்தை நான் எந்த நாட்டு வரைபடத்திலும் பார்க்கவில்லை. அதுவும் நடப்பவர்களை வைத்தே வகுக்கப்பட்டது. வழியில் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் சாமியே நின்று நின்றுதான் போகிறார்.

அந்த வழி கோரிப்பாளையத்தைத் தொட்டுப் போகிறது. கோரிப்பாளையம் மேம்பாலத் திட்டம் வந்தபோது புதூரில் என் பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டார்: "சாமி கீழ வரும்போது மேல வண்டி போகலாமா சார்?" நியாயமான கேள்வி, மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடம் 9 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று விதி வைத்திருக்கிற ஊர் இது. அவருக்கு நான் சொன்ன பதில்: மேலும் கீழும் நிறைந்தவர் என்று கும்பிடுகிற சாமிக்குத் தலைக்கு மேல் என்பது கிடையாது. அந்தச் சில மணி நேரம் பாலத்தை மூடி மரியாதை செய்யலாம். பாலம் வேண்டியதுதான், ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு வரும் ஆம்புலன்ஸ் அங்கே நின்று தவித்ததை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கவலைப்பட வேண்டியது சாமியின் தலையைப் பற்றி அல்ல, பக்தர்களின் காலைப் பற்றி.

உதாரணத்துக்கு, மதுரையில் 2023 ஏப்ரலில் திறந்த நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தைப் பாருங்கள், 7.3 கிலோமீட்டர். கட்டும்போது, 2021 ஆகஸ்டில், ஒரு பகுதி விழுந்து ஒரு தொழிலாளி உயிரைக் கொடுத்த பாலம் அது. மேலே போகிறவர்களுக்கு நல்ல வசதி. கீழே நாராயணபுரத்திலும் அய்யர் பங்களாவிலும் ரோட்டைக் கடக்கும் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று.

கோரிப்பாளையத்தில் அப்படி ஆகக்கூடாது. தர்காவுக்குத் தொழப் போகிறவர்கள், அமெரிக்கன் கல்லூரிப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்கு நோயாளியைத் தாங்கி நடப்பவர்கள் எல்லோரும் அந்தத் தரையில்தான் நடக்கிறார்கள். பாலத்துக்கு அடியில் பார்க்கிங், கடை, நீரூற்று என்று எதையாவது வரைவதற்கு முன்னால், ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஆற்றங்கரை வரை சக்கர நாற்காலி தடங்கலின்றி ஓடும் நடைபாதையை வரையுங்கள். சிக்னலில் வயதானவர் நடந்து முடிக்கும் அளவுக்கு நேரம் கொடுங்கள். மாநகராட்சியும் நெடுஞ்சாலைத் துறையும் இதைச் செய்ய வேண்டும். செய்யும்வரை மதுரைக்காரர்கள் ஒவ்வொரு வார்டு கூட்டத்திலும் எழுந்து கேட்க வேண்டும்.